தையலைத் தட்டிப் பார்த்த சூப்பர்வைசர்

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்பும் வார்டில் தாதியாக இருப்பவர்களுக்குத் தெரியும்: வலிக்கிறது என்று கத்துகிறவரைச் சமாளித்துவிடலாம், வலிக்கவே இல்லை என்று சிரிக்கிறவரிடம்தான் மாட்டிக்கொள்வோம்.

அரிசி மூட்டை அங்கிள்

குடலிறக்க அறுவை முடிந்ததும் தையலைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். சாயங்காலம்வரை தாங்கும். மரப்பு விடுவதற்குள் மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். செம்பவாங் பகுதி அங்கிள் ஒருவருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். மனுஷர் போகிற வழியில் தேக்கா சந்தையில் இறங்கி அரிசி மூட்டையைத் தூக்கியிருக்கிறார். மாத்திரை பையிலேயே இருந்தது. மறுநாள் போனில் எனக்குத்தான் திட்டு: "என்ன ஊசிலா போட்டீங்க மிஸ்ஸி, ஒரு ராத்திரிகூடத் தாங்கல!"

பூஜ்யம்

அடுத்த வாரம் அதே அறுவைக்கு செல்வம் வந்தார். புதுக்கோட்டைக்காரர், இங்கே கப்பல் பட்டறையில் தொழிலாளி. அழைத்துப் போக அவருடைய சூப்பர்வைசர் வந்து நின்றார். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று செல்வத்திடம் கேட்டேன். சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்றார். ஊசி வேலை செய்கிற நேரம், பொய்யில்லை. அதை நான் விளக்குவதற்குள் சூப்பர்வைசர் எட்டி, போர்வைக்கு மேலேயே தையலை இரண்டு விரலால் தட்டினார். செல்வம் அசையவில்லை.

"பாத்தீங்களா மிஸ்ஸி, ஒன்னும் இல்லலா. நாளைக்கே லைட் டியூட்டி போட்டுக்கலாம்."

திரைக்குப் பின்னால்

அந்த விரல்களை ஒடிக்கலாம் போலிருந்தது. ஆனால் எனக்குச் சத்தமாகப் பேச வராது. குடலிறக்க நோயாளி சிறுநீர் கழித்த பிறகுதான் அனுப்புவோம். அதைச் சாக்காகச் சொல்லி சூப்பர்வைசரை வெளியே நிறுத்தித் திரையை இழுத்தேன். லைட் டியூட்டி என்றால் என்ன வேலை என்று செல்வத்திடம் கேட்டேன். பெயிண்ட் டின்களை ஏணியில் ஏற்றுவதாம். தையல் பிரிந்துவிடும் என்றேன். விடுப்பு கேட்ட ஒருவரை வேலையைவிட்டே நீக்கி ஊருக்கு அனுப்பியதை அவர் பார்த்திருக்கிறாராம்.

"நான் சொன்னேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர். வலிச்சா நான் பாத்துக்கிறேன்."

கன்னம்

செல்வம் சொன்னதைச் சொல்லவில்லை. நான் கண்ணால் பார்த்த தட்டலை மட்டும் மருத்துவரிடம் சொன்னேன். அவர் நேரே வந்து, லைட் டியூட்டிகூடக் கூடாது என்று மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசருக்கு என்மேல் கோபம். அவனே பூஜ்யம் என்றானே என்றார். கட்டிலுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றேன்.

"பல் புடுங்க ஊசி போட்டா கன்னத்தைக் கடிச்சாலும் தெரியாது. அதுக்காகக் கடிச்சுப் பாப்பீங்களா? இன்னொரு தடவை அவரைத் தொட்டீங்கன்னா செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. சூப்பர்வைசர் செல்வத்தின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே பக்கத்துத் தாதியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குன்னு யாருமே சொல்லல."

மறுநாள் போன்

அனுப்பியவர்களை மறுநாள் போனில் விசாரிப்பது வழக்கம். செல்வம் அறையில் படுத்திருந்தார். மாத்திரை போட்டாராம். வலி எவ்வளவு என்றேன்.

"ஆறு சிஸ்டர். இப்ப அவரு பக்கத்துல இல்ல."

மருத்துவர் போட்ட ஊசி அன்று சாயங்காலமே விட்டுப்போனது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றே போடுகிற ஊசி எப்போது விடும் என்று எங்கள் தாதிமைப் படிப்பில் சொல்லித் தரவில்லை.