கெரில்லாவுக்கு முளைத்த கால்

இன்று காலை கைப்பேசிக்கு வந்த ஒரு செய்திக் காணொளி, எங்கோ நடந்த திடீர்த் தாக்குதலைக் 'கொரில்லாத் தாக்குதல்' என்று சொன்னதோடு நிற்காமல், மார்பில் அறைந்துகொள்ளும் ஒரு குரங்கின் படத்தையும் ஓரத்தில் வைத்திருந்தது. மருத்துவர் ரத்த அழுத்தம் பற்றிச் சொன்னதை எல்லாம் மறந்து அதை அனுப்பிய நண்பருக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். ஸ்பானிய மொழியில் 'கெர்ரா' என்றால் போர். 'கெரில்லா' என்றால் குட்டிப் போர். 1808-இல் நாட்டுக்குள் புகுந்த பிரெஞ்சுப் படையை ஸ்பெயின் மக்கள் சிறு கூட்டங்களாகப் பதுங்கியிருந்து அடித்தார்களே, அப்போது ஊர் ஊராகப் பரவிய சொல். குரங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

கோபப்பட எனக்கும் யோக்கியதை கிடையாது. அதே குரங்கை ஒரு புத்தகத்துக்குள் அவிழ்த்துவிட்டவன் நான்.

ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். எழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய் வாடை எங்களை விடாது. ஞாயிறு பூசைக்கு எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனாலும் பக்கத்தில் இருப்பவர் மூக்கைத் தேய்ப்பார். அங்கேதான் தணிகாசலம் வந்தார். மங்கலம்பேட்டைக்காரர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். போர்ச் சொற்களைப் பற்றி எழுதியிருந்தார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே நூல். அதில் கெரில்லாவுக்கு ஓர் அத்தியாயமே உண்டு.

பத்திரிகைகளில் 'கொரில்லா' என்றே பார்த்துப் பழகிய நான், தலைப்பைக் கண்டதுமே, உள்ளே படிக்காமல், பாவம் பெரியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஈய எழுத்தில் 'கெ'வுக்குப் பக்கத்தில் ஒரு காலை வைத்தால் 'கொ'. எழுத்துக் கோக்கும் அருள்தாஸிடம், "எல்லாத்துக்கும் கால் போட்டுடு மச்சான்" என்றேன்.

"கரந்தடின்னு தமிழ்லயே இருக்குதே, அதப் போட்டா என்னா?" என்றும் கேட்டேன். மறைந்திருந்து அடிப்பது என்று பொருள்.

"கரண்டு அடின்னு படிப்பானுங்க. லைன்மேன் வந்துருவான்" என்றான்.

இரண்டாம் புரூஃபை நான் பார்க்கவில்லை. என்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை பிரதிகள் தயார். ஞாயிறன்று சிதம்பரத்தில் பேராசிரியர்கள் முன்னிலையில் வெளியீடு. தணிகாசலம் ஆசையாக அந்த அத்தியாயத்தைப் பிரித்தார். 'கெரில்லா வேறு, கொரில்லா வேறு' என்று அவர் எழுதிய முதல் வரி, 'கொரில்லா வேறு, கொரில்லா வேறு' என்று நின்றது.

"என்னா தம்பி இது? கொரங்கு வேற, கொரங்கு வேறயா?"

"ஆண் கொரங்கு வேற, பொட்டக் கொரங்கு வேறன்னு வெச்சிக்கலாம் சார்" என்றான் அருள்தாஸ்.

அவர் சிரிக்கவில்லை. "போஸ்டாபீஸ்காரனுக்கு எதுக்குய்யா புத்தகம்னு ஏற்கெனவே கேக்கறாங்க. இத எப்படி அவுங்க முன்னாடி வெப்பேன்?" என்றார்.

மறுபடி அச்சடிக்க நேரமில்லை. சவர பிளேடை எடுத்து, பிரதி பிரதியாக, தப்பாய் முளைத்த காலை எல்லாம் சுரண்டினேன். சனி முழுக்கச் சுரண்டியும் முடியவில்லை. ஞாயிறு காலை சிதம்பரம் பஸ்ஸிலும் சுரண்டினேன். புதுச்சத்திரம் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் குதித்ததில், ஒரு பிரதியில் காலோடு தாளும் போயிற்று.

அந்தப் பிரதிதான் தலைமை தாங்கிய பேராசிரியர் கையில் போய்ச் சேரவேண்டுமா? அதே பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, "என்னங்க, இங்க ஓட்டையா இருக்குதே?" என்றார்.

தணிகாசலம் நிதானமாக எழுந்தார். "பதுங்கி அடிக்கிறவன் தப்பிச்சிப் போன வழிங்க அது."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பேராசிரியர் அந்த அத்தியாயம் முழுவதையும் வாய்விட்டுப் படித்தார். வெளியே வந்ததும் கடலூர் பஸ் வரும்வரை தணிகாசலம் என்னைத் திட்டினார்.

அதோடும் விடவில்லை. நான் எங்கே எது எழுதினாலும் மங்கலம்பேட்டையிலிருந்து கார்டு வரும்: 'மூன்றாம் பத்தி. ஒற்று மிகாது.' எரிச்சலாக இருக்கும். சாகும் மாதம் வரை எழுதினார்.

அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. போன மாதம் வேண்டுமென்றே ஒரு கட்டுரையில் ஒரு தேதியைத் தப்பாகப் போட்டு, படிக்கிறவர்கள் என்று நான் நம்பும் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிப் பார்த்தேன். மாலைக்குள் நாற்பது கட்டைவிரல்கள் வந்தன.