சாஸ்தா கோவில் முன் மிதித்த பிரேக்

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் பெரியோர்களே. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நான், அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மோட்டார் கையேடுகளை வாசித்தே வண்டிகளைப் பற்றி அறிந்தவன். அந்த அறிவை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு சிறுமையை இங்கே எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி வளைகுடாவிலிருந்து திரும்பியதும், கொச்சியில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தார். சிவப்பு நிறம். இருவர் மட்டுமே அமரலாம். முதல் நாளே தம் அக்காளை ஏற்றிக்கொண்டு பூதப்பாண்டி கோவிலுக்குப் போனார். பதினெட்டு ஆண்டுகளாக நான் நாள்தோறும் துடைத்து வைத்திருக்கும் என் காரில் தனியே பின்தொடர்ந்தேன். என் காரில் ஏறினால் தூங்கிவிடும் என் மனைவி, அன்று கோவில் வாசலில் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

அந்த வண்டியின் பிரேக் பேடுகள் தேய்ந்திருந்தன. மைத்துனர் பந்தயக் கார்களுக்குரிய பேடை விரும்பினார். அது நன்கு சூடேறிய பின்னரே பிடிக்கும், குளிர்ந்திருக்கையில் கீச்சிடும், மழையில் கல்யாண வீட்டுக்குப் போகும் வண்டிக்கு முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும் என்று வாதாடி, வேகமும் ஊர்ச்சாலையும் இரண்டுமே தாங்கும் நடுத்தர ரகத்தை நான் தேர்ந்தெடுத்தேன். மறுபேச்சின்றி அதையே வாங்கிப் பொருத்தினார். என் மனைவியோ உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில், தம்பி தேடிப்பிடித்து நல்ல பிரேக் போட்டிருக்கிறான் என்று சொன்னார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புதிய பேடைப் பழக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு, சீரான அழுத்தத்தில், பத்துமுறை குறைக்க வேண்டும். அப்போது பேடின் மெல்லிய பூச்சு சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கின்மேல் சமமாகப் படியும். பிறகு, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு நிறுத்தி மிதித்துப் பிடித்தால் பூச்சு ஓரிடத்தில் திட்டாக ஒட்டிவிடும். இதில் முன்பாதியை மட்டுமே அவருக்குச் சொல்லியிருந்தேன். மீதியை வழியில் சொல்ல எண்ணினேன்.

விடிந்ததும் வயல்களுக்கு நடுவே ஓடும் சாலையில் நாங்கள் இருவரும் போனோம். பத்தாவது முறை முடிந்தபோது சக்கரங்களிலிருந்து எரிந்த வாடை வந்தது. வளைவுக்கு அப்பால் சாஸ்தா கோவில். அங்கே நிறுத்திக் கும்பிடாமல் மைத்துனர் ஒருநாளும் கடந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அவர் வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே கண்மூடி நெடுநேரம் வணங்கினார். பக்கத்தில் நானும் கைகூப்பினேன். இன்று நினைத்தால் அதுவே எனக்கு மிகவும் கூசுகிறது.

அன்று மாலையே பிரேக் மிதிக்கும்போதெல்லாம் பெடல் அதிர்ந்தது, ஸ்டியரிங்கும் நடுங்கியது. மைத்துனர் என்னையோ பேடையோ குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து தம் அக்காளிடம் சொன்னார்:

"சாமிக்கு என்னமோ கொறை வச்சிட்டேன் போல இருக்கு, அக்கா. வண்டிய வித்திருதேன்."

நான் உள்ளூர விரும்பியது அதுதான். ஆனால், என் மனைவியின் முகம் வாடியதைக் கண்டதும் அந்த விருப்பம் எனக்கே கசந்தது.

"சாமிக்கு ஒரு கொறையும் இல்ல, மக்கா," என்றேன். "சூட்டோட நிறுத்தப்பிடாதுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லல்ல."

"மறந்து போச்சா, அத்தான்?"

"இல்ல."

என் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவன் வண்டியில நான் ஏறினது ஒங்களுக்குப் பொறுக்கல்ல. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மைத்துனர் சாவியை என்முன் வைத்தார். "டிஸ்க்க சரியாக்கி நீங்களே ஓட்டிப் பழக்குங்க. சாஸ்தாவ நான் ஓடுற வண்டியில இருந்தே கும்பிட்டுக்கிடுதேன்."

மறுநாள் பகல் முழுவதும் டிஸ்க்குகளைக் கழற்றி, உப்புத்தாள் கொண்டு திட்டுகளைத் தேய்த்தெடுத்தேன். அதற்கடுத்த விடியற்காலை நானே ஓட்டினேன். பத்துமுறை வேகத்தைக் குறைத்துவிட்டு, சாஸ்தா கோவிலை நிறுத்தாமலே கடந்தேன். மைத்துனர் பக்கத்து இருக்கையில் திரும்பி அமர்ந்து, கோவில் மறையும்வரை கைகூப்பியிருந்தார். வண்டி ஆறியபின் ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். அதிர்வில்லை. காலடியில் அது பிடித்த விதம், என் காரில் பதினெட்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட அறியாதது.

"நல்லா பிடிக்குல்லா, அத்தான்?"

"பிடிக்கு," என்றேன். முன்னைவிட அதிகமான பொறாமையோடு சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்தக் குறிப்பைத் தூக்கி எறியாமல் தங்கள் வீட்டுக் காகிதங்களோடு வைத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.