மிளகுத் தொட்டியில் ஒரு கப்பல்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். மிளகு மூட்டை சுமந்தே சோளக்காடு என்ற எங்கள் மலையூரில் சொந்தக் கிடங்கு கட்டினேன். யாருக்கும் பயந்ததில்லை, அந்த ஒரு மனிதரைத் தவிர.

மலைக்கு செல்போன் வராத காலம். கப்பல் வேலையை விட்டு வந்த அவர் என் கிடங்கின் பின்னறையில் குடியிருந்தார். ஒல்லி உடம்பு. நல்ல வெயிலிலும் தலைமுடி ஈரமாகவே இருக்கும்.

நான் மிளகு கழுவும் தொட்டியில், பலாக்கட்டையில் செதுக்கிய சின்னக் கப்பலை மிதக்கவிடுவார். டீசல் வேண்டாம், பாய் விரித்துக் காற்றிலேயே ஓடும். பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்து வாய் திறக்கும். உள்ளே பருப்பில்லை என்று நான் கழித்துப்போட்ட பொக்கு மிளகைத் தொட்டியில் தூவுவார். மிதக்கும் மிளகு எல்லாம் கப்பலுக்குள் ஏறும்வரை சோற்றைத் தொடமாட்டார்.

“ஏனுங்க, மலை மேல கப்பல் உட்டு யாரக் காப்பாத்தப் போறீங்க?” என்று சிரித்தேன்.

“நடுக்கடல்ல ஒரு படகு கவுந்த அன்னைக்குக் கிட்டத்துலதானுங்க போனோம். எங்க கப்பல் உசரம். தண்ணியில கெடந்தவங்களால ஏற முடியலீங்க.” மூடுபனி ஏறிவந்த பள்ளத்தின் பக்கம் காதைத் திருப்பினார். “இன்னும் கூப்புடுறாங்க. இது சரியா வந்துட்டா நிறுத்திருவாங்க.” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை; அன்று முதல்தான் அவரிடம் பயம்.

ஒருநாள் சொல்லாமல் போய்விட்டார். கப்பலும் இல்லை.

இன்றும் அந்தத் தொட்டியில்தான் மிளகு கழுவுகிறேன். காற்றே இல்லாத நாளிலும் மிதக்கிற மிளகெல்லாம் அவர் கப்பல் நின்ற மூலைக்கே போய்ச் சேருகிறது. காசு பெறாத மிளகுதான். ஆனாலும் ஒன்று விடாமல் அள்ளிக் கரையேற்றிய பிறகுதான் சோற்றில் கை வைக்கிறேன்.