வாதாபி பசியில் விழுந்த நாள்

கும்மிடிப்பூண்டியில் என் மகன் குடியிருக்கும் தெருவில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாடு பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும். நான் பத்து வயதிலேயே வாதாபியைப் பிடித்தவள்.

திருப்பாச்சூரைத் தாண்டி எங்களுக்கு நெல் நிலம் இருந்தது. திருவள்ளூரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு கோடையில் வந்தவர், காலியாகக் கிடந்த நெற்களத்தில் சாம்பலால் கோடு போட்டு இரண்டு ராஜ்ஜியங்களை உண்டாக்கினார். பன்னிரண்டு கட்டம் வாதாபி, அண்ணனுக்கு. நான்கு கட்டம் காஞ்சி, எனக்கு; அதில் நான்காவது கோட்டை, கதவைச் சாத்திவிட்டால் எதிரி உள்ளே வர முடியாது. புளியங்கொட்டைதான் படை. அவனுக்கு அறுபது, எனக்குப் பதினைந்து. கட்டத்துக்கு இரண்டு பிடி நெல். ஒவ்வொரு முறையும் படை நிற்கிற கட்டத்து நெல்லில் ஒரு பிடியைத் தின்ன வேண்டும். நெல் இல்லையென்றால் முறைக்குப் பத்துப் பேர் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் அண்ணனை மாமா வீட்டில் விட்டுப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது. என்னை மூன்றாவதோடு நிறுத்தியாயிற்று.

"ஜெயிச்சிக் காட்டு பாப்பா. உங்க நைனா கையில பேசி உன்னையும் இஸ்துக்கினு போறேன்" என்றார் மாமா.

அண்ணன் அறுபதையும் திரட்டிக்கொண்டு என் எல்லைக்கு வந்துவிட்டான். நான் மூன்று கட்டத்து நெல்லையும் வாரிக்கொண்டு, பதினைந்து பேரோடு நான்காவது கட்டத்துக் கோட்டைக்குள் போய்விட்டேன். வாரக் கூடாதென்று மாமா சொல்லவில்லையே.

இது எனக்கு எப்படித் தோன்றியது என்றால், அறுவடைக்கு ஆட்கள் வரும்போது கூழ்ப்பானை சுமந்து போகிறவள் நான். பானை கொஞ்சம் தாமதித்தால் முப்பது பேரும் அரிவாளைக் கீழே வைத்து வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். நைனா தொண்டை கிழியக் கத்தினாலும் எழ மாட்டார்கள். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வரும்.

"இன்னாடி, கதவ சாத்திக்கினு உள்ள குந்திக்கினுகீற? பயமா? வெளிய வாடி!"

"இருண்ணா. நாஷ்டா துன்னுட்டு வர்றோம்."

மாமா பத்துக் கொட்டைகளை எடுத்தார். பின்னும் பத்து. பின்வாங்க அண்ணனுக்கு ரோஷம். ஓர் அடி அடிக்காமல், அவ்வளவு பெரிய சேனை என் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. பத்தே பேர் மிஞ்சியபோது கோட்டையைத் திறந்தேன். அவர்களை முடித்துவிட்டு வாதாபிக்குள் காலை வைத்தால், பன்னிரண்டு கட்டத்திலும் ஒரு காவலாள் இல்லை! எல்லாரையும் சண்டைக்குக் கூட்டி வந்திருக்கிறான் மடையன். அந்தச் சாம்பல் கோடுகளுக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் நடப்பதுபோல் நடந்தேன்.

பின்னால் நைனா துண்டைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றார். மாமா உடனே அவரிடம் பேச்சை எடுத்தார்.

"பாத்தீங்களா மாமா? இவளையும் அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

"இவ்ளோ மூள கீறவள வெளிய அனுப்பிட்டு, நான் இங்க யார வச்சிக்கினு பயிர் பண்றது மச்சான்?"

நைனா தம் அரைஞாண் கயிற்றிலிருந்து நெல் அறைச் சாவியை அவிழ்த்து என் பாவாடை நாடாவில் கட்டினார். அம்மாவிடம்கூட ஒரு நாளும் கொடுக்காத சாவி. மாமா குனிந்து புளியங்கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். நான் சாவியைக் குலுக்கிக்கொண்டு வீட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன்.

பள்ளி திறக்கும் நாள், மாமாவோடு வண்டியேறிய அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். வாசலில் நின்று பார்த்தேன். தோற்ற ராஜா நாட்டை விட்டுப் போகும்போது அழத்தானே செய்வான் என்று நினைத்துக்கொண்டேன்.