நாற்பது மைலில் இரண்டாம் கியர்

புளியங்குளம் தாண்டி ஒரு சிறு இறக்கத்தில் லொறி நாற்பது மைல் வேகத்தில் ஓடுகிறது. முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போகும் நான், லொறியை ஓட்டும் காசிம் நானாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முன்னே தெருவை நிறைத்துக்கொண்டு மாட்டுப்பட்டி ஒன்று போகிறது. நானா பிறேக்கை மிதிக்கிறார். பிடிக்கவில்லை.

"நானா, ரெண்டாம் கியரைப் போடுங்கோ!" என்று கத்துகிறேன்.

"இந்த வேகத்தில ரெண்டைப் போட்டா கியர்ப்பெட்டி நொறுங்கிப் போகும், மாஸ்டர். முதல்ல மூண்டு."

மூன்று விழுகிறது. எஞ்சின் அலறுகிறது. மாடுகளின் வால்கள் தெளிவாகத் தெரிகின்றன. என் கை தானாகவே கியர்த்தடிக்குப் போகிறது. நானா அதைத் தட்டிவிடுகிறார்.

"பொறுங்கோ. சத்தம் இறங்கட்டும்."

அலறல் மெல்ல முனகலாகிறது. இப்போது இரண்டைப் போடுகிறார். பிறகு ஒன்று. எஞ்சினை நிறுத்துகிறார். கடைசி மாட்டுக்கு ஒரு முழம் தள்ளி லொறி நிற்கிறது.

மாட்டுக்காரர் வந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

"லொறிக்காரர் ஒருத்தரும் மாட்டுக்காக இப்பிடி மெல்ல மெல்ல, ஆறுதலா வந்து நிக்கிறேல்லை. நீங்கள் நல்ல மனுசர்."

"வாயில்லாச் சீவன்கள்தானே," என்கிறார் நானா.

நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன். எனக்கும் பேச்சு வரவில்லை.