அக்காவை உள்ளிருந்து இழுத்தது

என் அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிப்பவள். அவளுக்கு ஜோடி நான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, பின்னால் சாய்ந்து வெடுக்கென்று இழுத்தால்தான் சுருக்கம் போகும். எதிரில் இருப்பவள் ஏய்த்தால் கைக்கே தெரிந்துவிடும். அக்கா ஏய்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.

அவளுக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தையல் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் அவள் கூன் போட்டே நின்றாள்.

“நிமிந்து இழு, அக்கா! வேலைக்கு டிமிக்கி குடுக்காதே.”

“நான் பின்னால சாய்ஞ்சா, உள்ளேருந்து ஒண்ணு முன்னால இழுக்குதுடி.”

“பேய்க்கு உன்னை விட்டா வேற ஆளே கிடைக்கலையா?”

இரண்டு முறை ஸ்கேன் எடுத்தோம். இரண்டிலும் ஒன்றுமில்லை. அதோடு என் நாக்கு நீண்டுவிட்டது. சில நேரம் விரிப்புக்கு அந்தப் பக்கம், சலவை ஆவியில் முகம் தெரியாமல் நின்று அவள் முணுமுணுப்பாள்: “விடு... கொஞ்சம் விடு.” என்னிடம் பேசவில்லை. பயத்தை மறைக்க இன்னும் கத்துவேன்.

ஒரு நாள் காலை, வீம்புக்கென்றே பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். துவைத்த விரிப்பு தரையில் பட்டால் மறுபடி துவைக்க வேண்டும்; அதனால் எங்களில் யாரும் முனையை விடமாட்டோம். அக்காவும் விடவில்லை. விரிப்போடு வந்து என் காலடியில் விழுந்தாள். வயிறு பானையாக உப்பியிருந்தது. முந்தின நாளிலிருந்தே வாந்தியாம். திட்டுவேன் என்று சொல்லவில்லை. பாவி நான்!

அன்றே லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். மூன்று சின்னத் துளை, ஒன்றில் காமிரா. பிறகு டாக்டரம்மா அந்த வீடியோவை எனக்குக் காட்டினார். வயிற்றுச் சுவரிலிருந்து குடலுக்கு ஒரு வெள்ளை நாடா விறைப்பாகப் போனது. அக்கா மூச்சு விடும்போதெல்லாம் அது குடலைப் பிடித்து இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பழைய புண் ஆறும்போது உள்ளே இப்படி ஒட்டிக்கும். ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. இதுல குடல் மாட்டி அடைச்சிடுச்சு. துளை வழியாவே வெட்டி விட்டுட்டோம்.”

“திரும்ப ஒட்டுமா டாக்டர்?”

“வயித்தைத் திறக்காததால வாய்ப்பு குறைவு. ஆனா ஒட்டலாம். வலிச்சா உடனே சொல்லணும், தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து.”

இப்போது அக்கா நிமிர்ந்து நடக்கிறாள். நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன், “வலிக்குதாக்கா?” சிரித்த முகமாக “இல்லடி” என்கிறாள்.

நேற்று பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவள் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசமா மறுபடி இழுக்குதாமே. கூடவே இருக்கீங்க, உங்ககிட்ட சொல்லலையா?”