நைனாவின் மோளம் நின்ற இடம்

வைக்கோலும் பழைய காகிதமும் சேர்ந்து எரிகிற புகையில் மாட்டுத்தோல் காய்கிற வாசனை ஒன்று உண்டு. எங்காவது யாராவது குப்பையைக் கொளுத்தி அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டால் இந்த வயதிலும் என்னால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை; எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன், "இன்னாத்துக்குமா இப்டி அல்லாடிகினு கீற?" என்று என் மகள் கேட்பாள். என்னத்தைச் சொல்ல! ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் வீட்டு வாசலில், நைனா தோல் முறுக்கேறுவதற்காகத் தன் மோளத்தை நெருப்பில் காட்டிக் காய்ச்சிய வாசனை அது.

அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். பெயர் முனுசாமி. வார நாட்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்குவார், சாவுக்கும் திருவிழாவுக்கும் மோளம் அடிப்பார். தண்டையார்பேட்டை டோல்கேட்டைத் தாண்டி ரயில் பாதையை ஒட்டி இருந்த எங்கள் குடிசை வரிசையைக் கொஞ்சம் மரியாதையானவர்கள் "காலனி" என்றும் மற்றவர்கள் வேறு விதமாகவும் சொல்வார்கள். அங்கே எங்களுக்கென்று ஓர் அம்மன் உண்டு. ஆடியில் அவளுக்குக் கூழ் ஊற்றி, கரகம் எடுத்து, ஊர்வலமாகக் கடற்கரை வரைக்கும் போய் வருவோம்.

போகிற வழியில் முதலில் பள்ளிவாசல், அடுத்து சர்ச், கடைசியில் பெருமாள் கோயில் இருக்கும் "பெரிய தெரு". பள்ளிவாசலுக்குக் கொஞ்ச தூரம் முன்பே இருந்த விளக்குக் கம்பம் வந்ததும் நைனா குச்சியைத் தூக்கிக்கொள்வார். அவர் தூக்கினால் அவருடைய மோளக்கார செட்டே நிறுத்திவிடும். அங்கிருந்து, பள்ளிவாசலைத் தாண்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் வரைக்கும் கரகம் தூக்குகிறவளின் சலங்கைச் சத்தம் மட்டும்தான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் காதர் பாய் நன்னாரி சர்பத் தவலையோடு வாசல் கேட்டருகே நிற்பார். பாயும் ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்தான். பாரம் சரிந்து கால் நசுங்கிய அன்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியவர் நைனா. அன்றிலிருந்து இருவரும் தோஸ்துகள். மோளம் அங்கே நின்றதற்குக் காரணம் அவ்வளவே.

சர்ச்சுக்கு எதிரே அப்படி வழக்கம் ஒன்றும் கிடையாது. பங்குச் சாமியாரே ஜன்னலில் நின்று விரலால் தாளம் போடுவார். பெரிய தெரு கதை வேறு. அங்கே நுழையும்போது மோளம் முதுகுக்குப் போய்விடும், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்து தாண்டிவிடுவார்கள். என் தாத்தா காலத்தில் ஒருமுறை அடித்ததற்கு என்ன கிடைத்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வடக்கேயிருந்து வந்த கலவரச் செய்திகளின் சூடு ஆறவில்லை; தேநீர்க்கடையில் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக ஒரு வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாளில், எங்கிருந்தோ வந்த பையன்கள் சிலர் தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் தகர டப்பாக்களைத் தட்டிக் கூத்தடித்தார்கள், உள்ளேயிருந்து வந்தவர்கள் துரத்தினார்கள், கல் பறந்தது, இரண்டு மண்டை உடைந்தது. பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கல்லடிக்கு நடுவே ஓடி நின்றிராவிட்டால் பிணம் விழுந்திருக்கும். மறுநாளே அவரும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியும், பெருமாள் கோயில் தர்மகர்த்தாவும் சேர்ந்து "சமாதானக் கமிட்டி" அமைத்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். ஊரில் ரத்தம் சிந்தக் கூடாது என்று மெய்யாகவே கவலைப்பட்டவர்கள்.

அவர்கள் போட்ட முதல் தீர்மானம், பள்ளிவாசல் முன்னால் மோளம் கூடாது என்பது. அப்படியானால் எங்கள் தெருவிலும் கூடாது என்றார் தர்மகர்த்தா. மூன்று மதமும் சமம் என்பதால் சர்ச் முன்னாலும் கூடாது என்று ஆயிற்று. மீறினால் மோளத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். மூன்று மதங்களும் கைகுலுக்கிக்கொண்டன. வாய் கட்டப்பட்டதென்னவோ எங்கள் மோளத்துக்கு! மோளக்காரர்களில் ஒருவரைக்கூட யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று செய்தார்கள் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மோளம் அடிக்கக் கூடாது என்கிற செய்தியைத் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும் என்று கமிட்டி ஆள் ஒருவர் எங்கள் நைனாவையே தேடி வந்தார்! நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் சொன்னதை முழுதாகக் கேட்டார், கையைக் கழுவினார், ஆணியில் தொங்கிய மோளத்தை எடுத்துத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். "மோளம் கூடாதுன்றத மோளம் அடிச்சு சொல்லணுமா? வாயாலயே சொல்லிக்கினு போங்க. இனிமே சாவுக்கும் இல்ல, சாமிக்கும் இல்ல." அவருடைய செட்டும் அப்படியே கையை விரித்துவிட்டது. பாவம், கமிட்டி ஆட்கள் வெயிலில் வாயால் கூவிக்கொண்டு போனார்கள். ஐஸ்காரர் என்று நினைத்துக் குழந்தைகள் நாங்கள்தான் பின்னால் ஓடினோம்.

ஆடி நெருங்கியது. காலனி இளவட்டங்களுக்குத் தீர்மானம் தெரிந்ததும் ரத்தம் கொதித்தது. "முன்சாமி அண்ணன் அடிக்கலன்னா இன்னா, வெளியூர் செட்டு வருது, மூணு எடத்துலயும் அடிச்சு கியிச்சிட்டுத்தான் வருவோம்" என்று அவர்கள் பேசுவதைக் குழாயடியில் நானே கேட்டேன். வெளியூர் செட்டுக்கு விளக்குக் கம்பம் எது, மரம் எது என்று என்ன தெரியும்? பள்ளிவாசல் பக்கத்திலும் ஆட்கள் கூடிக் கூடிக் கலைந்தார்கள். துறைமுகச் சங்கு ஊதினாலே அம்மா திடுக்கிட்டு எங்களை எண்ண ஆரம்பித்துவிடுவாள். நைனாவோ வேலைக்குப் போவதும் வருவதுமாக, பரணை ஏறிட்டுப் பார்ப்பதும் பார்க்காததுமாக, கம்மென்று இருந்தார். அவர் விரல்கள் மட்டும் தொடைமேல் தாளம் போட்டபடியே இருந்தன.

ஒரு நாள் மத்தியானத் தொழுகை முடிந்ததும் காதர் பாய் காலை இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பலகையைப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"முனுசாமி, நீயே அடிக்க வாப்பா. வெளியாளு வந்தான்னா அன்னிக்கு நம்ப தெரு எரிஞ்சிடும்."

"பாய், இத்தினி வருசமா அங்க நா நிறுத்தனேனே, நீ என்னிக்காவது நிறுத்துன்னு சொல்லிக்கீறியா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு எனக்கு தடை? நானா குடுத்துக்கினு இருந்தத அவங்க புடுங்கறாங்களே, பாய்!"

பாய் காலை மாற்றி வைத்து நின்றார். பிறகு, "அன்னிக்கு கமிட்டியில நா டீ குடுத்துகினு இருந்தேன். என்னயும் ஒரு வார்த்த கேக்கல" என்றார். நைனா எழுந்து சட்டையை மாட்டினார். "நானும் வரேன்" என்று அம்மாவும் கிளம்பினாள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும்.

கமிட்டி கூடியது சர்ச் பள்ளிக்கூடத்தில். என்னுடைய வகுப்பறைதான் அது. நைனா நின்றுகொண்டே பேசினார். "பள்ளிவாசல் முன்னாடி நா குச்சிய தூக்கறது என் தோஸ்துக்கோசரம். அத்த யாரும் எனக்கு சொல்லிக் குடுக்கல. பெரிய தெருவுல தூக்கறது பயத்துக்கோசரம். எங்கப்பன் பயந்தான், நானும் பயந்தேன். ரெண்டயும் ஒரே கயித்துல கட்டிட்டீங்களே, இது நாயமா?"

தர்மகர்த்தா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "ஊர் சமாதானத்துக்காக எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும், முனுசாமி." வாசற்படியில் நின்றிருந்த அம்மாவுக்கு அது தாங்கவில்லை. "நீங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வுட்டுக் குடுத்தீங்களே, அது யார் வூட்டுப் பொருளு சாமி? எங்க வூட்டுதுதானே!"

எங்களோடு வந்திருந்த காதர் பாய் முன்னால் வந்தார். "கேட்டாண்ட நிக்கறவன் நானு. மோளம் அடிச்சா மொதல்ல என் காதுலதான் வுழும். தடை எங்களுக்கு வேணாங்க, முனுசாமி அடிக்கட்டும்." முத்தவல்லி அவரை முறைத்தார், தாடியைத் தடவினார், கடைசியில் "சரி" என்றார். "எங்களுக்கும் தடை வேண்டும் என்று நான் கேட்கவே இல்லையே, சமம் என்றார்கள், தலையாட்டிவிட்டேன்" என்று சாமியார் வெட்கத்தோடு சிரித்தார். மிஞ்சியவர் தர்மகர்த்தா ஒருவர்தான். "செய்யுங்கள். ஆனால் எங்கள் தெருவில் ஏதாவது நடந்தால் நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா மோளத்தைக் காய்ச்சினார். இளவட்டங்கள் வெளியூர் செட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வழியெங்கும் போலீஸ். மோளச் சத்தத்தில் என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. விளக்குக் கம்பம் வந்தது, நைனா நிறுத்தவில்லை! கம்பத்தையும் தாண்டி அடித்துக்கொண்டே போகிறார், பள்ளிவாசல் மாடியில் தலைகள் முளைக்கின்றன, போலீஸ்காரர் கை தடிக்குப் போகிறது. சரியாகக் கேட்டுக்கு எதிரே, சர்பத் தவலையோடு நின்ற காதர் பாயின் முகத்துக்கு நேராக, நைனா குச்சியை ஓங்கினார், ஓங்கிய கையை இறக்கவில்லை. செட் முழுக்க நின்றது. சட்டமில்லை, தடையில்லை, சொன்னவர் யாருமில்லை. சலங்கை மட்டும் மரம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

பாய் தவலையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு நைனாவின் வலது பக்கம் வந்து சேர்ந்தார். சர்ச்சைத் தாண்டும்போது சாமியார் இறங்கி வந்து இடது பக்கம் சேர்ந்துகொண்டார். மூன்று பேருமாகப் பெரிய தெரு முனைக்குப் போனபோது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. வழக்கம் விடுமா? நைனாவின் கை தானாகவே மோளத்தை முதுகுப் பக்கம் தள்ளியது. எந்த மாடியிலிருந்தோ ஒரு கல் வந்து பாயின் நொண்டிக் காலருகே விழுந்தது. பாய் அதைப் பார்த்தார், பிறகு நைனாவைப் பார்த்தார்.

"அடி, முனுசாமி."

நைனா அடித்தார். அந்தத் தெரு முடிகிறவரைக்கும் ஓர் அடி குறையாமல் அடித்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் துறைமுக மேஸ்திரி நைனாவுக்கு வேலை கொடுக்காமல் டபாய்த்தான். அவன் பெரிய தெருக்காரன். பாயை ஜமாத்தில் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்கள் என்று கேள்விப்பட்டோம், அவர் சொல்லவில்லை. ஆனால் கமிட்டியில் காலனிக்காரர்களுக்கு இரண்டு இடம் கிடைத்தது. ஒன்றில் நைனா குந்தினார். இன்னொன்றில் தானே குந்துவேன் என்று அம்மா போட்ட சண்டை தனிக்கதை.

தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி ரொம்ப நாளாகிறது. விளக்குக் கம்பமும் இல்லை, சர்பத்தும் இல்லை, பெரிய தெருவில் அடுக்குமாடிகள் வந்து யார் வீடு எது என்றே தெரியவில்லை. ஆடி மாதம் தவறாமல் போலீஸ் ஸ்டேஷனில் சமாதானக் கூட்டம் மட்டும் நடக்கிறது. போன முறை மூத்த குடிமகள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். சுவரில் ஊர்வலப் பாதையை வரைந்து, மோளம் கூடாத இடங்களுக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். "மோளக்காரங்களக் கூப்ட்டீங்களா?" என்று கேட்டேன். இன்ஸ்பெக்டர் தங்கமான பிள்ளை. "அவங்க எதுக்கும்மா? சொன்னா நிறுத்திடப் போறாங்க" என்றார்.

அவ்வளவுதான், மூக்கில் அந்தப் புகை ஏறிவிட்டது. கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்கள், டீ வந்தது, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். "அவங்க வரட்டும், அப்பால போடறேன்" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.